கைப்பிடி வைத்த தோட்டம்

பிளவுஸ் தைக்கக் கொடுக்க வந்த ஒரு அம்மா, எங்கள் வீட்டு கேட் வரைக்கும் வந்து, ஆள் இல்லாத வீடு என்று நினைத்துத் திரும்பிப் போய்விட்டார். தெருமுனைக்குப் போய் போன் செய்து, "எங்கம்மா இருக்கு உங்க வீடு? இங்க ஒரு பூட்டிப் போட்ட வீடுதான் இருக்கு" என்று கேட்டார். என் மனைவி ஜன்னலோரம் மெஷினில் உட்கார்ந்தபடியே, "அதுதாங்க எங்க வீடு" என்றாள். அன்றைக்கு முழுக்க அவள் என்னோடு பேசவில்லை.

அவள் கோபத்தில் நியாயம் இருந்தது. நான் பெயிண்டர். இருபத்தாறு வருடமாக ஊரில் உள்ள வீட்டுக்கெல்லாம் பவுடர் பூசிவிட்டு, நான் குடியிருக்கிற வீட்டை மூஞ்சி கழுவாமல் வைத்திருந்தேன். பூச்சு வேலையோடு நின்றுபோன சிமெண்ட் நிறச் சுவர். துருப்பிடித்த கேட். கேட்டுக்கும் வாசற்படிக்கும் நடுவில் எட்டடி அகலம், இருபதடி நீளத்துக்கு ஜல்லியும் உடைந்த செங்கல்லும் கிடக்கும். மழை பெய்தால் சேறு, வெயில் அடித்தால் புழுதி. தெருவில் எங்கள் வீட்டுக்கு மொட்டை வீடு என்றே பெயர். பார்சல் கொண்டுவருகிறவர்களுக்கு நாங்களே அப்படித்தான் வழி சொல்வோம்.

வாடகை வீடுதான். ஆனால் அந்த முன் அறையில்தான் அவள் தையல் மெஷின் போட்டிருந்தாள். ஏழு வருடத்தில் ஒவ்வொரு ஆளாகப் பிடித்த வாடிக்கை. எங்கள் மகள் நர்சிங் கடைசி வருடம் படிக்கிறாள், அவள் பயிற்சிக்குப் போகிற மருத்துவமனை நடந்து போகிற தூரம். அதனால் வீடு ஓட்டையோ உடைசலோ, அந்த இடம் எங்களுக்கு முக்கியம்.

ஹவுஸ் ஓனரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். படுக்கை அறை மேற்கூரையில் ஈரம் இறங்கி, நான்கு வருடமாக ஒரு பெரிய கறை இருக்கிறது. சொன்னோம். "அப்புறம் பார்க்கலாம்" என்றார். பாத்ரூம் குழாய் ஒழுகியது. "அப்புறம் பார்க்கலாம்." பின்கதவு தாழ்ப்பாள் கையோடு வந்துவிட்டது. அதற்கும் அதே பதில். என் மகள் என் போனில் அவர் நம்பரை "அப்புறம்" என்ற பெயரில்தான் பதிந்து வைத்திருக்கிறாள். "அப்பா, அப்புறம் கூப்பிடறாரு" என்பாள். வீட்டுக்கு வந்தவர்கள் குழம்புவார்கள்.

முன்பக்கத்தைக் கொஞ்சம் சரிபண்ணிக்கொள்ளட்டுமா என்று அவரிடம் முறைப்படி கேட்டேன். கேட்கவில்லை என்று நாளைக்கு ஒரு சொல் வரக்கூடாது.

"என்ன வேணா பண்ணிக்குங்க. என்கிட்ட காசு மட்டும் கேக்காதீங்க" என்றார்.

சரி, கேட்கவில்லை.

நான் உடனே ஜல்லியை அள்ளிப்போட்டு, மண்ணைக் கொத்தி, குழி தோண்டலாம் என்று கிளம்பினேன். மனைவி தடுத்தாள். இதற்கு முன்பு இருந்த வீட்டில் அவள் ஒரு மல்லிகைக் கொடியை மண்ணில் நட்டிருந்தாள். ஜன்னல் உயரத்துக்கு வந்து பூக்க ஆரம்பித்த நேரத்தில் காலி பண்ணச் சொன்னார்கள். கொடியை விட்டுவிட்டு வந்தோம். ஆறு மாதம் கழித்து அந்தப் பக்கம் ஒரு அளவு எடுக்கப் போனவள், கொடி இருந்த இடத்தில் ஸ்கூட்டர் நிற்பதைப் பார்த்துவிட்டு வந்தாள். அன்றிலிருந்து செடி பற்றிப் பேச்சே எடுத்ததில்லை.

"என்னங்க, நட்டா எடுக்க முடியணும். எடுக்க முடியாததை வாடகை வீட்டுல நான் நட மாட்டேன்."

"அதுக்கு என்ன, செடியை சூட்கேஸ்லயா நட முடியும்?"

"சூட்கேஸ் எதுக்கு? பின்னாடி மலை மாதிரி வாளி குவிச்சு வெச்சிருக்கீங்களே."

இருந்தது. பெயிண்டர் வீட்டில் காலி வாளிக்குப் பஞ்சமா? இருபது லிட்டர், பத்து லிட்டர், நாலு லிட்டர், எல்லா அளவிலும் இருந்தது. கம்பிக் கைப்பிடியோடு. "எடைக்குப் போடறேன், போடறேன்" என்று சொல்லிச் சொல்லியே பின்பக்கத்தை நிறைத்து வைத்திருந்தேன். அதற்காக வாங்கிய திட்டு கொஞ்சமில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில்தான் வேலை. வாளியைச் சுரண்டிக் கழுவி, கம்பியைப் பழுக்கக் காய்ச்சி அடியில் ஓட்டை போட்டு, உடைந்த செங்கல் துண்டைக் கீழே பரப்பி, மண் நிரப்பிச் செடி வைத்தோம். பிறகு தரையில் குழி தோண்டி, வாளியை அதன் விளிம்பு வரைக்கும் உள்ளே இறக்கினோம். கைப்பிடியை மடக்கி, விளிம்பின்மேல் கூழாங்கல்லைப் பரப்பிவிட்டால் வாளி இருப்பதே தெரியாது. பார்க்கிறவர்களுக்குச் செடி மண்ணில் இருந்து முளைத்த மாதிரிதான் இருக்கும். செம்பருத்தி, குரோட்டன்ஸ், கற்றாழை, டேபிள் ரோஸ் என்று பெரும்பாலும் கேட்டு வாங்கிய கிளைகள்தான். நான் வேலைக்குப் போகிற வீடுகளில் செடி வெட்டினால் வெட்டியதை எனக்கு எடுத்து வைப்பார்கள். கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு காகிதப்பூக் கொடி வைத்தோம். அதற்கு மட்டும் நல்ல வாளி தீர்ந்துபோய், அடியில் பெரிதாக விரிசல் விட்ட ஒன்றை இறக்கிவிட்டேன். யார் பார்க்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். அதை அவளிடம் சொல்லவும் இல்லை.

நடைபாதைக்கு என் மச்சான் வந்தான். மனைவியின் தம்பி, டைல்ஸ் ஒட்டுகிறவன். வேலை நடக்கிற இடங்களில் தூக்கிப்போடுகிற உடைந்த கருங்கல் பலகைகளையும் கனமான டைல்ஸ் துண்டுகளையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தான். கூடவே ஒரு மூட்டை சிமெண்டும்.

"சிமெண்ட் வேணாம்டா. மணல் போட்டு அது மேல பதிச்சு விடு" என்றாள் அக்கா.

"அக்கா, என்னக்கா சொல்ற? சிமெண்ட் இல்லாம டைல்ஸ் போட்டேன்னு வெளிய தெரிஞ்சா என் பொழப்பு நாறிடும்."

"வெளிய சொல்லாத."

"மாமா, நீங்களாவது சொல்லுங்க."

"நான் சொல்லித்தான் இந்த வீட்டுல எது நடந்திருக்கு?" என்றேன்.

அவன் முனகிக்கொண்டே மணலைச் சமமாகத் தட்டி, ஒவ்வொரு துண்டையும் இடம் பார்த்துப் பதித்தான். முனகினாலும் வேலை சுத்தம். நடந்தால் ஒரு கல் ஆடாது. ஓரத்தில் பழைய செங்கலைச் சாய்த்துச் சாய்த்து ரம்பப் பல் மாதிரி நட்டான்.

சுவரும் கேட்டும் என் பொறுப்பு. மிச்சம் மீதி பெயிண்டை எல்லாம் ஒன்றாகக் கலந்தால் சேற்று நிறம்தான் வரும். நான் வெளிர் நிறங்களை மட்டும் பிரித்து எடுத்து, கொஞ்சமாகப் பச்சை விட்டுக் கலக்கி, ஒரு சாம்பல் கலந்த பச்சை கொண்டுவந்தேன். கடையில் அந்த நிறம் கிடைக்காது. நானே மறுபடி கேட்டாலும் எனக்கே வராது. கேட்டுக்குக் கருநீலம்.

ஆறேழு மாதத்தில் செடிகள் பிடித்துக்கொண்டன. காகிதப்பூ கேட் தூணில் ஏறி மேலே ஒரு குடை மாதிரி கவிழ்ந்தது. தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். "பூ வீடு" என்று வழி சொல்ல ஆரம்பித்தார்கள். தைக்கக் கொடுக்க வருகிறவர்கள் பத்து நிமிடம் கூடுதலாக நின்று பேசிவிட்டுப் போனார்கள், அடுத்த தடவை ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டும் வந்தார்கள். என் மனைவி ஜன்னலை முழுக்கத் திறந்து வைத்துத் தைக்க ஆரம்பித்தாள். அதற்கு முன்பு அந்த ஜன்னலில் ஒரு பழைய துணி தொங்கும்.

இதோடு நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருக்கவில்லை. ஒரு காலை வேளை, வெயில் சாய்வாக விழுந்துகொண்டிருந்தபோது போட்டோ எடுத்து, வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் வைத்தேன். "குறைந்த செலவில் உங்கள் வீட்டு முகப்பையும் இப்படி மாற்றித் தருகிறேன்" என்று கீழே எழுதினேன். தொழில் விளம்பரம். இரண்டு பேர் வேலைக்குக் கூப்பிடவும் செய்தார்கள். அந்த ஸ்டேட்டஸைப் பார்த்தவர்களில் "அப்புறம்" என்ற பெயரும் இருந்ததை மகள்தான் கவனித்தாள்.

நான்கு வருடமாகக் கூரைக் கறையைப் பார்க்க வராத மனிதர் மறுநாளே வந்துவிட்டார். வந்து தெருவின் எதிர்ப்பக்கம் நின்று ஏழெட்டு போட்டோ எடுத்தார். "சூப்பர், சூப்பர்" என்றார். "நீங்க ஸ்டேட்டஸ்ல போட்ட போட்டோ நல்ல வெளிச்சமா இருந்துச்சு, அதை எனக்கு அனுப்புங்களேன்" என்றார். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு அனுப்பினேன். டீ வேறு கொடுத்தோம். இரண்டு ஸ்பூன் சர்க்கரை கேட்டு வாங்கிக் குடித்தார்.

"மேல அந்த ஈரம் சார்..." என்று ஆரம்பித்தேன்.

"அப்புறம் பார்க்கலாம்" என்று டம்ளரை வைத்துவிட்டுப் போனார்.

பத்து நாள் கழித்து போன் வந்தது. ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறதாம். புதுப்பிக்கப்போவதில்லையாம். ஒரு மாதத்தில் காலி பண்ணிக்கொள்ள வேண்டுமாம்.

"ஏன் சார்? வாடகை ஒரு நாள் தள்ளிக் குடுத்திருக்கோமா?"

"அதெல்லாம் இல்லீங்க. உங்க மேல எனக்கு ஒரு குறையும் இல்ல. ஆனா வீடு இப்ப வேற லெவலுக்குப் போயிடுச்சு. ஒன்றரை மடங்கு வாடகைக்கு ஆள் நிக்குது. நீங்க குடுப்பீங்கன்னா இருங்க. உங்களால முடியாதுன்னு எனக்குத் தெரியும், அதான் நேரடியா சொல்லிட்டேன்."

"லெவல்லாம் தானா போச்சா சார்? அந்த லெவலுக்குக் கொண்டுபோனது நாங்க."

"நல்ல காரியம் பண்ணீங்க. நான் இல்லேன்னு சொல்லலையே."

போனை வைத்துவிட்டு, கையில் இருந்த உப்புத்தாளை எடுத்து, தேய்க்கவே வேண்டாத ஒரு கதவை அரை மணி நேரம் தேய்த்தேன். கதவுக்குச் சொந்தக்காரர் வந்து, "அது நேத்தே தேச்சாச்சே" என்று சொன்ன பிறகுதான் நிறுத்தினேன்.

யோசித்துப் பாருங்கள். கூரை ஒழுகினபோது அது நாங்கள் குடியிருக்கிற வீடு, நாங்கள்தான் பாத்திரம் வைத்துச் சமாளிக்க வேண்டும். பூ பூத்ததும் அது அவர் வீடு. நாங்கள் குப்பையில் கிடந்திருந்தால் இன்னும் பத்து வருடம் நிம்மதியாக இருக்க விட்டிருப்பார். குப்பையைக் கூட்டியதற்குத் தண்டனை. இதை யாரிடம் போய்ச் சொல்வது?

அன்று சாயங்காலம் மகள் போனை நீட்டினாள். வாடகை வீடுகள் போடுகிற ஒரு தளத்தில் எங்கள் வீடு இருந்தது. நான் எடுத்த அதே போட்டோ. வலது மூலையில் என் விரலின் நிழல்கூட அப்படியே இருந்தது.

"அப்பா, காம்பவுண்டு சுவத்துல உங்க பனியன் காயுது. அதையும் சேத்துத்தான் வாடகைக்கு விடறாரு போல."

கீழே எழுதியிருந்ததை அவள் சத்தமாகப் படித்தாள். "உரிமையாளர் பார்த்துப் பார்த்து அமைத்த அழகிய முன்தோட்டத்துடன் கூடிய வீடு."

"பார்த்துப் பார்த்து?" என்றாள் என் மனைவி. மெஷினை நிறுத்திவிட்டாள். "எதைப் பாத்தாராம்? நாலு வருஷமா நம்ம கூரையையே பாக்காத மனுஷன்."

நான் கத்தினேன். ஓனர் வீட்டு வாசலில் போய் நிற்கப்போவதாகச் சொன்னேன். கறுப்புப் பெயிண்டை எடுத்துச் சுவர் முழுக்க அடிக்கப்போவதாகச் சொன்னேன். அவள் அலமாரியைத் திறந்து வாடகை ஒப்பந்தத்தை எடுத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தாள். படித்து மடித்து உள்ளே வைத்துவிட்டு, "உங்க மச்சானை ஞாயித்துக்கெழமை காலையில வரச் சொல்லுங்க. வண்டியோட" என்றாள்.

"சாமான் ஏத்தவா? இன்னும் வீடே பாக்கலையே!"

"வரச் சொல்லுங்கன்னா வரச் சொல்லுங்க."

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குத்தான் வீடு பார்க்க ஆள் கூட்டிவருவதாக ஓனர் சொல்லியிருந்தார். சரியாக வந்தார், அதில் மட்டும் அப்புறம் இல்லை. கூட ஒரு கணவன் மனைவி. அந்த அம்மா பள்ளிக்கூட டீச்சராம். கேட்டுக்கு வெளியே நின்று காகிதப்பூவை அண்ணாந்து பார்த்துவிட்டு, "போட்டோல பார்த்ததைவிட நேர்ல நல்லா இருக்கே" என்றார்.

"எல்லாம் நாமளே நின்னு செஞ்சது மேடம்" என்றார் ஓனர். அவருக்கும் எனக்கும் நடுவில் நான்கு அடி தூரம்கூட இல்லை. கூசாமல் சொன்னார்.

எனக்கு உச்சந்தலையில் சுள்ளென்றது. "நாமளேன்னா யாரு சார்? நீங்க எந்தச் செடிக்குத் தண்ணி ஊத்தினீங்க?"

டீச்சர் என்னைப் பார்த்தார், ஓனரைப் பார்த்தார். "இவங்க யாரு?"

"இப்ப குடியிருக்கறவங்க மேடம். காலி பண்றாங்க."

"ஏன் காலி பண்றீங்க?" என்று என் மனைவியிடம் கேட்டார். அவருக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை என்பது அந்தக் கேள்வியிலேயே தெரிந்தது.

"செடி நல்லா வந்துடுச்சுங்க. அதனால போகச் சொல்றாரு" என்றாள் என் மனைவி. குரலில் ஒரு ஏற்ற இறக்கம் இல்லை, தையல் கூலி சொல்கிற மாதிரிச் சொன்னாள்.

"அதெல்லாம் எதுக்கு இப்ப?" என்று ஓனர் குறுக்கே விழுந்தார். "மேடம், நீங்க உள்ள வாங்க. செடியெல்லாம் வீட்டோட சேர்த்திதான். மண்ணுல வெச்சது எதையும் குடியிருக்கறவங்க எடுத்துட்டுப் போகக் கூடாதுன்னு ஒப்பந்தத்துலயே இருக்கு. நீங்க அதைப் பத்திக் கவலைப்பட வேணாம்."

"ஆமா சார், இருக்கு. நான் படிச்சேன்" என்றாள் என் மனைவி.

சொல்லிவிட்டுக் குனிந்தாள். வாசற்படி ஓரத்தில் இருந்த டேபிள் ரோஸைச் சுற்றி இருந்த கூழாங்கல்லைக் கையால் ஒதுக்கினாள். கைப்பிடியை நிமிர்த்தினாள். இரண்டு ஆட்டு ஆட்டி மேலே தூக்கினாள். நாலு லிட்டர் வாளி, பக்கவாட்டில் கம்பெனிப் பெயர்கூட அழியாமல், பூவோடு வெளியே வந்தது. தரையில் வட்டமாக ஒரு குழி.

ஓனர் அந்தக் குழியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"மண்ணுல வெச்சதை எடுக்கக் கூடாது, சரி. இது வாளியில வெச்சது. வாளி எங்க வீட்டுக்காரரோடது" என்றாள். பிறகு தெருவைப் பார்த்து, "டேய், வாடா" என்றாள்.

மச்சான் வண்டியை ஓரம் கட்டிவிட்டு எதிர் வீட்டு நிழலில் அதுவரைக்கும் நின்றுகொண்டிருந்திருக்கிறான். எனக்கே அப்போதுதான் விளங்கியது. கடப்பாரையை எடுத்துக்கொண்டு வந்தவன் நேராக நடைபாதைக்குப் போய் முதல் கல்லை நெம்பினான். மணலில் பதித்த கல், அலுங்காமல் எழுந்து வந்தது.

"சிமெண்ட் போடாததுக்கு அன்னைக்கு எவ்வளவு திட்டினேன் அக்கா. நீ பெரிய ஆளுதான்."

"பேசாம எடுடா."

நானும் மச்சானும் ஒரு பக்கம் ஒருவர் பிடித்து இருபது லிட்டர் வாளிகளைத் தூக்கினோம். செம்பருத்தி வந்தது. குரோட்டன்ஸ் வந்தது. கற்றாழை வந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு குழி. முதுகு விண்டுபோனது, ஆனால் சொல்கிறேன், அவ்வளவு சந்தோஷமாக நான் எந்தச் சுமையையும் தூக்கியதில்லை. மகள் உள்ளே இருந்து ஓடிவந்து செங்கல்லைப் பிடுங்கி அடுக்கினாள்.

"என்ன பண்றீங்க? நிறுத்துங்க! ஏங்க, நீங்களாவது சொல்லுங்க" என்று ஓனர் என்னைப் பார்த்துக் கத்தினார்.

"நீங்கதான சார் சொன்னீங்க, என்ன வேணா பண்ணிக்குங்கன்னு. உங்ககிட்ட காசு கேக்கலையே நாங்க."

"சுவரு? சுவத்துக்கு அடிச்ச பெயிண்டையும் உரிச்சு எடுத்துட்டுப் போவீங்களா?"

என் கை சுரண்டிக்குப் போனது உண்மை. மனைவி முறைத்தாள். "சுவத்தை விடுங்க. அவருக்கு அது நம்ம செலவுல ஒரு சட்டைன்னு இருக்கட்டும்."

கடைசியாகக் காகிதப்பூவுக்கு வந்தோம். நான் கைப்பிடியை இழுத்தேன். அசையவில்லை. மச்சானும் சேர்ந்து இழுத்தான். கைப்பிடி ஒரு பக்கம் கழன்று கையோடு வந்தது. மண்ணைத் தோண்டிப் பார்த்தால், வாளியின் அடி விரிசல் வழியாக வேர் இறங்கி, என் கட்டைவிரல் கனத்துக்குத் தரைக்குள் போயிருந்தது. அப்போதுதான் அந்த விரிசல் வாளியைப் பற்றி அவளிடம் சொன்னேன். சொல்லாமல் தப்பிக்க வழியில்லை.

"எத்தனை வாளி இருந்துச்சு பின்னாடி? உங்களுக்கு இதுதான் கெடச்சுதா?" என்றாள். ஓனரிடம்கூட அவள் அப்படிக் குரல் உயர்த்தவில்லை.

"அறுத்து எடுத்துடலாம் அக்கா" என்றான் மச்சான்.

அவள் குனிந்து வேரைத் தொட்டுப் பார்த்தாள். "வேணாம். இந்த வெயில்ல அறுத்தா செத்துடும். மண்ணைத் தள்ளி மூடுங்க."

"பாத்தீங்களா மேடம், அது வீட்டோடது" என்று ஓனர் டீச்சரைப் பார்த்துச் சிரித்தார்.

டீச்சர் சிரிக்கவில்லை. இதற்கு நடுவில் அவர் கணவர் வீட்டுக்குள் போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்திருந்தார். "பெட்ரூம் கூரை பூரா ஈரம். பாத்ரூம் குழாய் சொட்டிக்கிட்டு இருக்கு" என்றார். டீச்சர் எங்கள் வாசலைப் பார்த்தார். பல் விழுந்த வாய் மாதிரி குழி குழியாகக் கிடந்தது.

"இந்த வாடகைக்கு நாங்க பார்த்தது தோட்டத்தைத்தான் சார். அது இவங்களோடதுன்னா, நீங்க எதுக்கு வாடகை கேக்கறீங்க?" என்றார்.

"மேடம், புதுசா வெச்சுத் தர்றேன்."

"எப்ப?"

ஓனர் வாயைத் திறந்தார். அவர் சொல்லவந்த சொல் எங்கள் நான்கு பேருக்கும் தெரியும். மகள் சிரிப்பை அடக்க முடியாமல் செங்கல்லோடு உள்ளே ஓடிவிட்டாள்.

அவர்கள் கிளம்பும்போது என் மனைவி அந்த முதல் வாளியை, டேபிள் ரோஸை, டீச்சர் கையில் கொடுத்தாள். "உங்க மேல கோவம் இல்லீங்க. எந்த வீட்டுக்குப் போனாலும் வாளியிலேயே வெச்சுக்குங்க." டீச்சர் வாங்கிக்கொள்ள முதலில் தயங்கினார். பிறகு கைப்பிடியைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போனார். அந்த வருடத்திலேயே நான்கு ஜாக்கெட் தைக்கக் கொடுத்தார் என்பது வேறு விஷயம்.

அடுத்த மூன்று வாரம் நாங்கள் வீடு தேடி அலைந்தோம். அந்த வீரமெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமையோடு சரி. அக்கம்பக்கத்தில் எங்கள் வாடகைக்கு வீடு இல்லை. தூரத்தில் இருந்த வீடுகளுக்கு அவள் வாடிக்கைக்காரர்கள் வரமாட்டார்கள். மகள் பரீட்சைக்குப் படித்துக்கொண்டே, "ரெண்டு பஸ் மாறிப் போயிக்கறேன்பா" என்றாள். அவள் அப்படிச் சொன்னதுதான் எனக்கு அதிகம் வலித்தது. செடிகளை எல்லாம் பின்பக்கம், துணி துவைக்கிற இடத்தில் நெருக்கி வைத்திருந்தோம். நடுவில் நடக்க இடமில்லாமல் ஈரத் துணியோடு வாளியில் இடித்துக்கொள்வோம்.

ஓனர் அந்த மூன்று வாரத்தில் நிறைய பேரைக் கூட்டிவந்தார். வருகிறவர்கள் போனில் இருந்த போட்டோவைப் பார்ப்பார்கள், குழிகளைப் பார்ப்பார்கள். "இது அந்த வீடா?" என்பார்கள். என் மனைவி மெஷினில் இருந்து எழுந்திருக்கவே மாட்டாள். பழைய வாடகைக்கும் ஒருவரும் சரி சொல்லவில்லை.

நான்காவது வாரம் அவரே வந்தார். கேட்டுக்கு வெளியே நின்று கூப்பிட்டார்.

"நமக்குள்ள என்னங்க, பழைய வாடகைக்கே இருந்துடுங்க."

நான் சரி என்று சொல்லியிருப்பேன். வாய் வரைக்கும் வந்துவிட்டது. மனைவி அளவு நாடாவைக் கழுத்தில் போட்டபடி வெளியே வந்தாள்.

"மூணு வருஷத்துக்கு ஒப்பந்தம் போடணும் சார். கூரையைச் சரி பண்ணின பிறகு கையெழுத்துப் போடறோம். குழாயும் தாழ்ப்பாளும் சேத்துத்தான்."

"கையெழுத்துப் போடுங்க, கூரையை..."

"முதல்ல கூரை சார்."

அந்த வாரமே கூரைக்கு ஆள் வந்தது. நான்கு வருடம் ஆகாத வேலை பத்து நாளில் ஆனது. அப்படியானால் நான்கு வருடமும் அது பத்து நாள் வேலையாகத்தான் இருந்திருக்கிறது. அதை நினைத்தபோது வந்த கோபம், காலி பண்ணச் சொன்னபோதுகூட வரவில்லை.

ஒப்பந்தத்தில் கையெழுத்து ஆன அன்று ஓனர் வாசலில் நின்று சுற்றும் முற்றும் பார்த்தார். குழிகளை நான் மூடி ஜல்லியைப் பரப்பிவிட்டிருந்தேன். பழைய மொட்டை வீடு. கேட் பக்கத்தில் அந்தக் காகிதப்பூ மட்டும் முன்னைவிட அடர்த்தியாகக் கவிழ்ந்திருந்தது. தைக்கக் கொடுக்க வருகிறவர்கள் அதை வைத்துத்தான் இப்போது வீட்டைக் கண்டுபிடிக்கிறார்கள்.

"இந்த ஒண்ணு மட்டும் தனியா நிக்குது. பின்னாடி இருக்கறதையும் கொண்டாந்து முன்னாடி வெச்சீங்கன்னா வீடு எவ்வளவு லட்சணமா இருக்கும்?" என்றார்.

என் மனைவி ஒப்பந்தத்தின் மடிப்பை நகத்தால் நீவிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்புறம் பார்க்கலாம் சார்" என்றாள்.